கொடொக்ஸ் எஸ்.கே. 400 டூ: மோஷன் பிளர் ஃபஷன் படங்களுக்கு இந்த லைட் சரிவருமா?

கொழும்பில் சாறி, லெஹங்கா, பற்றிக் உடுப்புகளைப் படம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோக்களுக்குக் கட்டுப்படியான ஃபிளாஷ்களில் ஒன்று கொடொக்ஸ் எஸ்.கே. 400 டூ. சக்தி 400 வாட்-செக்கன். சுவர்க் கரண்டில் ஓடுகிறது, போவன்ஸ் மவுண்ட் (சொஃப்ட்பொக்ஸ் போன்றவற்றை மாட்டும் வளையம்), கொடொக்ஸின் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. சாதாரண கட்டலொக் படங்களுக்கு இது போதும் என்பது பலரும் சொல்லிவிட்ட விஷயம். இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு வேலையை: மெதுவான ஷட்டரோடு ஃபிளாஷைச் சேர்த்து, முகம் கூர்மையாக நிற்க, துணி மட்டும் தடமாக ஓடும் படங்கள். அந்த வேலைக்கு இந்த லைட்டை வாங்கச் சொல்வதற்குக் காரணம் அதன் 400 வாட்-செக்கன் அல்ல, உள்ளே திருகியிருக்கும் 150 வாட் மொடலிங் குமிழ், அதாவது ஃபிளாஷ் வெடிக்காதபோதும் தொடர்ந்து எரியும் விளக்கு.

மோஷன் பிளர் படத்தில் ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு படங்கள் பதிகின்றன. ஃபிளாஷ் வெடிக்கும் கண நேரத்தில் ஒன்று, ஷட்டர் திறந்திருக்கும் மிச்ச நேரம் முழுவதும் எரியும் வெளிச்சத்தில் இன்னொன்று. ஃபிளாஷின் அளவை அப்பெச்சர் (லென்ஸின் துவாரம்) தீர்மானிக்கும், ஷட்டருக்கு அதில் வேலையில்லை. எரியும் வெளிச்சத்துக்கு இரண்டும் பொருந்தும். இவ்வளவும் அநேகருக்குத் தெரியும். பலர் தவறவிடுவது அடுத்த படி. தடம் மங்கலாக வந்தால் உடனே ஷட்டரை 1/4 இலிருந்து 1 செக்கனுக்கு நீட்டுகிறார்கள். அசையாத பொருள் அப்போது பிரகாசமாகும். அசையும் துணி ஆகாது. முந்தானையின் கரை சென்சரில் ஒரு புள்ளியைக் கடக்க எடுக்கும் நேரம், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதே நேரம்தான். ஷட்டரை நீட்டினால் தடம் நீளும், அடர்த்தி கூடாது. கூடவே பின்புலமும் அறையில் கசியும் வெளிச்சமும் ஏறி, இருக்கிற தடத்தையும் கழுவிவிடும். தடத்துக்கு அடர்த்தி வேண்டுமானால் வழிகள் மூன்று: எரியும் விளக்கின் பலத்தைக் கூட்டுவது, அப்பெச்சரைத் திறந்தோ ஐ.எஸ்.ஓ.வை (சென்சரின் உணர்திறனை) ஏற்றியோ ஃபிளாஷைக் குறைப்பது, அல்லது மொடல் மெதுவாக அசைவது. அதனால்தான் மொடலிங் குமிழின் வாட் இங்கே முக்கியமாகிறது.

இந்த 150 வாட் குமிழ் டங்ஸ்டன் இழைக் குமிழ். பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்க வேண்டாம், தடம் வரைவதற்கு இதைவிட நல்ல வெளிச்சம் இந்த விலையில் இல்லை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விலை குறைந்த எல்.ஈ.டி. குமிழ்கள் பல அந்த அலையோடு சேர்ந்து செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தடத்தில் தெரியும். சீக்வின்ஸ் பதித்த பிளவுஸோ கல் வைத்த ஒட்டியாணமோ சுழலும்போது, ஓடும் கோடு மணி கோத்ததுபோல் துண்டு துண்டாக விழும். இழை அப்படிச் சட்டென்று குளிர்வதில்லை, அதனால் கோடு அறாமல் ஓடும். சரிகைக் கரை போட்ட காஞ்சிபுரத்தில் இந்த வித்தியாசம் மிகத் தெளிவு. ஒவ்வொரு சரிகை இழையும் மெல்லிய பொன் கம்பியாக இழுபடும், சீராக, இடையில் முறிவே இல்லாமல்.

அடுத்தது நிறம். ஃபிளாஷ் 5600 கெல்வின் (ஒளியின் நிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள்). குமிழ் 3000 கெல்வினின் சுற்றுவட்டாரம். எந்த ஜெல்லும் (நிறத் தாள்) ஒட்டாமலே கூர்மையான உருவமும் தடமும் இரண்டு நிறமாகப் பிரிந்துவிடும். வைட் பலன்ஸை 5600 இல் வைத்தால் முகம் இயல்பாகவும் தடம் கடும் செம்மஞ்சளாகவும் வரும். 3200 இல் வைத்தால் தடம் வெள்ளை, உருவம் நீலம். நமது தோல் நிறத்துக்கு இந்த இரண்டாவது தேர்வு ஒத்துவருவதில்லை. நீலம் விழுந்த மாநிறம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், பிறகு கணினியில் எவ்வளவு இழுத்தாலும் திரும்பாது. மணப்பெண் அலங்காரத்துக்கு நல்ல நடுவழி ஒன்று இருக்கிறது. ஃபிளாஷில் லீ 206 ஜெல், அதாவது கால் அளவு செம்மஞ்சள், ஒட்டினால் அதன் வெளிச்சம் ஏறக்குறைய 4100 கெல்வினுக்கு இறங்கும். கமராவிலும் 4100 வையுங்கள். முகம் சரியான நிறத்தில் நிற்க, தடம் தேன் நிறத்தில் மெதுவாகப் பிரியும். தங்க நகைக்குப் பக்கத்தில் அந்த நிறம் வடிவாக இருக்கும். குமிழின் சக்தியைக் குறைக்கும்போது மட்டும் கவனம். டங்ஸ்டனைக் குறைத்தால் வெளிச்சம் மட்டும் குறைவதில்லை, நிறமும் சிவக்கும். தடம் வரையும் குமிழை எப்போதும் 100 வீதத்தில் வைத்து, கூடினால் தள்ளி வையுங்கள்.

வாங்கும்போது மொடல் எண்ணை இரண்டு தடவை பாருங்கள். இதே உடம்போடு எஸ்.கே. 400 டூ-வி என்று ஒன்று வருகிறது. அதில் டங்ஸ்டன் குமிழுக்குப் பதிலாகச் சிறிய எல்.ஈ.டி. விளக்கு. சூடு குறைவு, கரண்ட் மிச்சம், சாதாரண வேலைக்கு நல்ல மாற்றம். ஆனால் தடம் வரைய அதன் பலம் காணாது. பட்டரியில் ஓடும் கொடொக்ஸ் ஏ.டி. 600 ப்ரோவின் 38 வாட் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் குறைந்ததல்ல, விலைதான் பல மடங்கு. அதன் நிறம் வெள்ளைப் பக்கம் சாய்ந்தது என்பதால் தடத்தைப் பிரித்துக் காட்ட ஜெல் ஒட்டவேண்டும், ஒட்டினால் வெளிச்சம் குறையும். ஆகவே இந்த ஒரு வேலையில் விலை குறைந்த லைட்டே முந்துகிறது.

ஒரே லைட்டால் இதைச் செய்யலாம், ஆனால் ஃபிளாஷும் குமிழும் ஒரே திசையிலிருந்து வருவதால் தடம் முகத்தின் மேலேயே ஏறிவிடும். இரண்டு லைட் இருந்தால் வேலைகளைப் பிரித்துக்கொடுக்கலாம். முதல் லைட்டை 90 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸோடு முகத்துக்கு முன்னால், சற்று மேலே, 5 அடி தூரத்தில் வையுங்கள். அதன் மொடலிங் குமிழை அணைத்துவிடுங்கள். இரண்டாவதைச் சாதாரண றிஃப்ளெக்டரோடு பக்கவாட்டில், மொடலுக்குச் சற்றுப் பின்னால், 6 அல்லது 7 அடியில் நிறுத்துங்கள். ட்ரிகரில் (கமராவில் மாட்டி லைட்டுகளை இயக்கும் கருவி) அந்தக் குரூப்பின் ஃபிளாஷை நிறுத்தி, குமிழை மட்டும் முழுதாக எரியவிடுங்கள். அந்தக் குமிழுக்கு ஒரு அடி முன்னால் கறுப்பு ஃபோம் போர்ட் ஒன்றை ஸ்டாண்டில் பிடித்து, நிழல் மொடலின் கழுத்துக்கு மேலே விழும்படி செய்யுங்கள். இந்த ஒரு அட்டைதான் நல்ல படத்தையும் வீணான படத்தையும் பிரிக்கிறது. தோளுக்குக் கீழே மட்டும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தால், உடம்பு சுழலும்போது முகத்தின் மேல் இரண்டாவது மூக்கோ கண்ணோ பேய்போல் விழாது.

பிறகு ஒழுங்கு முக்கியம். எல்லா விளக்கையும் அணைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/4 செக்கனில் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வரவேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஃபிளாட்டின் ஹோலை ஸ்டூடியோவாக்கியவர்களுக்கு இங்கேயே சிக்கல் தொடங்கும். மத்தியான வெயில் மெல்லிய திரைச்சீலைக்குள்ளால் வந்து 1/4 செக்கனில் தாராளமாகப் பதியும். ஏசியின் சின்ன எல்.ஈ.டி. எழுத்துகூடக் கமரா அசையும்போது கோடாக விழும், டேப் ஒட்டி மூடுங்கள். கறுப்பு உறுதியானபின் தடக் குமிழை மட்டும் எரியவிட்டு, மொடலை அசையாமல் நிற்கவைத்து எடுங்கள். அந்தப் படத்தில் துணி சரியான வெளிச்சத்தில், அல்லது அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காகும் படி) கூடுதலாகவே வரவேண்டும், ஏனென்றால் அசையத் தொடங்கியதும் அது மங்கும். கடைசியாகத்தான் ஃபிளாஷ். சொஃப்ட்பொக்ஸோடு 5 அடியில் எஃப் 8 க்கு 1/8 முதல் 1/4 வரை சக்தி போதுமானதாக இருக்கும். ஃபிளாஷை முதலில் சரிசெய்துவிட்டுத் தடத்தைத் தேடுபவர்கள் பாதி நாளை அதிலேயே தொலைக்கிறார்கள்.

இங்கேதான் இந்த லைட்டின் முதல் குறை வருகிறது. சக்தி 1/16 க்குக் கீழே இறங்காது. 400 இல் பதினாறில் ஒன்று 25 வாட்-செக்கன். சாதாரண றிஃப்ளெக்டரோடு முழுச் சக்தியில் இதன் கைட் நம்பர் (மீற்றர் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் தரும் அளவு) 65 என்று கொம்பனி சொல்கிறது. அந்தக் கணக்கில் 2 மீற்றர் தூரத்தில், ஆகக் குறைந்த சக்தியிலேயே எஃப் 8 அளவு வெளிச்சம் வந்துவிடும். தடம் அடர்த்தியாக வரவேண்டும் என்று எஃப் 4 க்குத் திறந்தால் ஃபிளாஷ் இரண்டு ஸ்டாப் கூடிவிடும், குறைக்க இடமில்லை. சொஃப்ட்பொக்ஸுக்குள் இரண்டாவது வெள்ளைத் துணி போடுவது, லைட்டைத் தள்ளுவது, ஃபிளாஷ் முன்னால் மட்டும் சாம்பல் ஜெல் ஒட்டுவது என்று சமாளிக்கலாம். கமராவில் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடி) போடுவது இதற்குத் தீர்வல்ல. அது ஃபிளாஷையும் தடத்தையும் சேர்த்தே குறைக்கும்.

இரண்டாவது குறை ஃபிளாஷ் எரியும் நேரம். அட்டவணையில் 1/2000 முதல் 1/800 செக்கன் வரை என்று போட்டிருக்கிறது. இப்படியான எண்கள் வழக்கமாக டி 0.5 கணக்கு, அதாவது ஒளி பாதிக்கு மேலே இருக்கும் நேரம். அதற்குப் பிறகும் வால்போல் மங்கும் ஒளி உண்டு. அதையும் சேர்த்த டி 0.1 கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. 1/800 என்பது உண்மையில் 1/270 அளவாகிவிடும். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வீசும் முந்தானை அந்த நேரத்துக்குள் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். கூந்தல் பறப்பதை நுனி நுனியாக நிறுத்தவோ தண்ணீர் தெறிப்பதைப் பிடிக்கவோ இது சரியான லைட் அல்ல. மோஷன் பிளருக்கு இந்த மென்மை பெரும்பாலும் பாதகமில்லை, கூர்மையான உருவத்தின் ஓரம் தடத்தோடு இயல்பாகக் கலக்கும். ஆனால் நகைக் கடைக்காரருக்கு எடுத்தால் ஜிமிக்கி அசையாமல் இருக்க வேண்டும், அதை மொடலிடம் முதலே சொல்லிவிடுங்கள். எந்தச் சக்தியில் கூர்மை அதிகம் என்று அறிய மேசை விசிறியின் ஒரு இறக்கையில் வெள்ளை டேப் துண்டு ஒட்டி, இருட்டில் ஒவ்வொரு சக்தியிலும் ஒரு படம் எடுங்கள். டேப்பின் ஓரம் எங்கே குறைவாகக் கலங்குகிறது என்பது பெரிதாக்கிப் பார்த்தால் புரியும்.

ஷட்டர் திறந்தவுடன் ஃபிளாஷ் வெடிக்கும் ஃபிரண்ட் கேர்ட்டினா, மூடுவதற்குச் சற்று முன் வெடிக்கும் ரியர் கேர்ட்டினா என்ற கேள்விக்கு எல்லோரும் ரியர் என்றே சொல்கிறார்கள். நடந்து வரும் மொடலுக்கும், மேலே எறிந்து விழும் துணிக்கும் அது சரி. தடம் பின்னால் நிற்கும், கூர்மை முன்னால். சுழலும் சாறிக்கு ஃபிரண்ட்தான் நல்லது. ரியரில் ஃபிளாஷ் வெடிக்கும்போது மொடல் எந்தப் பக்கம் பார்த்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. பத்தில் எட்டில் கண் மூடியிருக்கும் அல்லது முகம் திரும்பியிருக்கும். ஃபிரண்டில் அவர் நின்ற நிலையில் முகத்தைக் கொடுத்து, ஃபிளாஷ் வெடித்த சத்தத்தோடு இடுப்பிலிருந்து சுழலலாம். 1/2 செக்கன் தாராளம். ட்ரிகரோடு உங்கள் கமராவில் ரியர் உண்மையில் வேலைசெய்கிறதா என்று அறிய, ஷட்டரை 2 செக்கனில் வைத்து ஒன்று அடியுங்கள். ஃபிளாஷ் தொடக்கத்திலேயே வெடித்தால் மெனுவில் என்ன எழுதியிருந்தாலும் அது ரியர் அல்ல. அப்போதும் வழியிருக்கிறது: இருட்டில் ட்ரிகரைக் கமராவிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஷட்டர் திறந்திருக்கும்போது வேண்டிய கணத்தில் டெஸ்ட் பொத்தானை அமத்துங்கள். ஒரே ஃபிரேமில் இரண்டு மூன்று தடவை அமத்தினால் ஒரே உருவம் இரண்டு மூன்று நிலையில் பதியும். இதே 2 செக்கன் சோதனையில் இன்னொன்றையும் கவனியுங்கள். சில மொனோலைட்டுகளில் (இதுபோல் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும் ஃபிளாஷ்கள்) ஃபிளாஷ் திரும்பச் சார்ஜ் ஆகும்வரை மொடலிங் குமிழ் அணைந்துவிடும். உங்கள் லைட்டில் அப்படியானால், ஒற்றை லைட்டில் ஃபிரண்ட் கேர்ட்டின் வேலைசெய்யாது. இரண்டாவது லைட்டைத் தனியே குமிழாக மட்டும் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்புலம் கறுப்போ கடும் நிறமோ தான். சென்சர் வெளிச்சத்தைக் கூட்டும், கழிக்காது. வெள்ளைத் தாளுக்கு முன்னால் கடும் பச்சைச் சாறி சுழன்றால், சாறி விலகிய இடத்திலெல்லாம் வெள்ளை புகுந்து சாறியைத் தின்றுவிடும். ஓரம் கரைந்து, தடமே இல்லாமல் போகும். மொடலுக்கும் பின்புலத்துக்கும் நடுவே குறைந்தது 6 அடி விட்டால் குமிழின் வெளிச்சம் பின்னால் சிந்தாது. 12 அடி அகல அறையில் இது இறுக்கமாகத்தான் இருக்கும். தாளை விடக் கறுப்பு வெல்வெட் வெளிச்சத்தை நன்றாக விழுங்கும். புறக்கோட்டையின் துணிக் கடைகளில் மீற்றர் கணக்கில் வாங்கித் தைத்துக்கொள்ளலாம். இந்த நகரத்தில் 1930களிலேயே ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் சொலரைசேஷனும் (வெளிச்சமும் இருளும் ஓரளவு தலைகீழாவது) போட்டோமொன்டாஜும் (பல படங்களை ஒன்றாக்குவது) செய்து பார்த்தார். இன்று அதே கொழும்பில் ஃபஷன் என்றாலே வெள்ளைப் பின்புலமும் தட்டையான வெளிச்சமும் என்று ஆகியிருப்பது வருத்தம். ஒரு கறுப்புத் துணியும் ஒரு மஞ்சள் குமிழும் போதும் என்பதைப் பலர் முயன்றே பார்ப்பதில்லை.

துணியைப் பொறுத்து ஷட்டர் மாறும். ஷிஃபோனும் ஜோர்ஜெட்டும் மெதுவாக மிதப்பதால் 1/2 செக்கனிலும் அடர்த்தியான தடம் தரும். காஞ்சிபுரம் கனமானது, வேகமாக விழும், 1/8 இலேயே எடுங்கள். கைத்தறிப் பருத்தி விறைப்பாகச் சுற்றுவதால் தடம் பலகைபோல் வரும். அதற்கு மொடலை அசையாமல் நிறுத்திக் கமராவை அசைப்பதே மேல். 50 மில்லிமீற்றர் லென்ஸில் ஃபிளாஷ் வெடித்தவுடன் கமராவை 10, 15 பாகை பக்கவாட்டில் திருப்புங்கள். படத்தை உறுதிப்படுத்தும் (ஸ்டபிலைசேஷன்) வசதியை முதலே அணைத்துவிடுங்கள், இல்லையேல் அது உங்கள் அசைவோடு மல்லுக்கட்டும். கறுப்பு உடுப்பில் தடமே விழாது, எவ்வளவு முயன்றாலும். கரையிலோ துப்பட்டாவிலோ வெளிர் நிறம் ஏதாவது இருக்கவேண்டும்.

பாவனையில் முதல் கவலை சூடு. 150 வாட் குமிழ் முழுதாக எரியும்போது றிஃப்ளெக்டர் கை வைக்க முடியாமல் சுடும். ஜெல்லை றிஃப்ளெக்டர் வாயோடு ஒட்டாமல், கிளிப் போட்டு இரண்டு மூன்று விரல் இடைவெளியில் தொங்கவிடுங்கள். இல்லையேல் நடுவில் வெளுத்து, பிறகு சுருங்கும். ஸ்னூட் (ஒளியைக் குறுக்கும் குழாய்) மாட்டினால் குமிழைத் தொடர்ந்து எரியவிடவே கூடாது. உள்ளே விசிறி இருக்கிறது, சத்தமும் இருக்கிறது, வீடியோவும் சேர்த்து எடுப்பவர்களுக்கு அது மைக்கில் விழும். ஷொட்டுகளுக்கு இடையில் குமிழை ட்ரிகரிலிருந்தே அணைத்து வைப்பது குமிழுக்கும் மொடலின் மேக்கப்புக்கும் நல்லது.

பிளக் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பழைய வீடுகளில் வட்ட முள் சொக்கெட்டும் புதியவற்றில் 13 அம்பியர் சதுர முள்ளும் கலந்திருக்கும். இரண்டையும் இணைக்க மலிவு அடாப்டர் போட்டால் தொடுப்பு தளர்ந்து, ஃபிளாஷ் சார்ஜ் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி பறக்கும். சரியான பிளக்கை வயரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கணினிக்குப் போடும் சின்ன யூ.பி.எஸ்.ஸில் இதை மாட்டாதீர்கள், அது இந்த இழுவைக்குச் செய்ததல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் சுவர்க் கரண்ட் லைட் வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவேண்டியிருந்தது. வெளியில் திருமண ஷூட்டுக்கும் போகிறவர் என்றால் பட்டரி லைட் ஒன்றும் தேவை, இது அதற்கு மாற்றல்ல.

பாவித்த லைட் ஒன்றை வாங்குவதானால் கடையிலேயே குமிழை 10 நிமிடம் முழுதாக எரியவிட்டு, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு முழுச் சக்தியில் தொடர்ந்து பத்து ஃபிளாஷ் அடியுங்கள். ஒன்றாவது விடுபட்டால் வேண்டாம். ஃபிளாஷ் குழாயில் ஒரு முனை கறுத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் இருந்த லைட் என்றால் சிங்க் துளைக்குள் (கமரா வயர் மாட்டும் இடம்) பச்சை பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மொடலிங் குமிழ் ஈ27 திருகு வகை, வீட்டில் பாவிக்கும் பின் குமிழ் பொருந்தாது. 150 வாட் இழைக் குமிழ் இப்போது எல்லா மின்சாரக் கடையிலும் கிடைப்பதில்லை, ஆகவே லைட் வாங்கும் நாளிலேயே இரண்டு குமிழ் சேர்த்து வாங்குங்கள். மாற்றும்போது வயரைக் கழற்றி, லைட் நன்றாக ஆறும்வரை பொறுத்து, குமிழைத் துணியால் பிடித்துத் திருகுங்கள். பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷ் குழாயில் விரல் படக்கூடாது.